தெரிந்து செய்தானா?



1960-ஆம் ஆண்டு, லண்டனில் உல்விச் பகுதி. போக்குவரத்து நெரிசலில் ஒரு கார் நிற்கிறது. பின்னால் திருட்டுச் சரக்கு மூட்டைகள். சந்தேகப்பட்ட போலீஸ்காரர் வண்டியை ஓரம் கட்டச் சொல்கிறார். ஓட்டுகிறவன் ஓரம் கட்டாமல் வேகமெடுக்கிறான். போலீஸ்காரர் விடவில்லை, காரைப் பற்றிக்கொண்டு தொங்குகிறார். கார் வளைந்து நெளிந்து ஓடுகிறது. கடைசியில் அவர் பிடி நழுவி, எதிரே வந்த வண்டியின் முன்னால் விழுந்து இறந்துபோகிறார்.

பயத்தில் ஓட்டினேன், அவரைக் கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை என்றான் ஓட்டியவன். ஜூரி நம்பவில்லை. பணியில் இருந்த போலீஸ்காரரைக் கொன்றால் அன்றைய இங்கிலாந்தில் தூக்கு. மேல்முறையீட்டில் அது கொலை அல்ல, கொலையாகாத மரணம் விளைவித்தது என்று சொல்லிப் பத்தாண்டு சிறையாகக் குறைத்தார்கள். அரசுத் தரப்பு விடவில்லை, வழக்கு அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைக்குப் போயிற்று. அங்கே தீர்ப்பு மறுபடியும் திரும்பியது. அவன் மனத்தில் என்ன இருந்தது என்று ஆராய வேண்டியதில்லை. சாதாரண அறிவுள்ள ஒரு மனிதன் அந்த இடத்தில் இருந்தால், இப்படி ஓட்டினால் பலத்த காயம் படும் என்று எதிர்பார்த்திருப்பானா? ஆம் என்றால் போதும், அது கொலைதான் என்றது சபை. ஸ்மித் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது இதைத்தான். ஆள் தூக்கில் போடப்படவில்லை. ஆனால் தீர்ப்பு சட்டமாக நின்றுவிட்டது.

இந்தத் தீர்ப்பை ஏற்காதவர்களில் ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர். பெயர் எச். எல். ஏ. ஹார்ட். இன்றைய உரை அவரைப் பற்றியது.

ஹார்ட் 1907-இல் யார்க்‌ஷயரில் ஹாரோகேட் என்ற ஊரில் பிறந்தார். ஆடை வணிகம் செய்த யூதக் குடும்பம். ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்க, லத்தீன் இலக்கியமும் தத்துவமும் படித்து முதல் வகுப்பில் தேறினார். ஆனால் அப்போது தத்துவத்தைத் தொழிலாகக் கொள்ளவில்லை. 1932-இல் பாரிஸ்டராகி எட்டு ஆண்டுகள் வழக்காடினார். அதுவும் கிரிமினல் வழக்குகள் அல்ல. உயில், அறக்கட்டளை, குடும்பச் சொத்து, வரி. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போர் வந்ததும் பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையில் சேர்ந்தார். அங்கே உடன் பணியாற்றியவர்களில் கில்பர்ட் ரைல், ஸ்டூவர்ட் ஹாம்ப்‌ஷயர் போன்ற தத்துவக்காரர்களும் இருந்தார்கள். போர் முடிந்தபோது வக்கீல் தொழிலுக்குத் திரும்ப மனமில்லை. 1945-இல், முப்பத்தெட்டு வயதில், தான் படித்த நியூ கல்லூரியிலேயே தத்துவ ஆசிரியராகப் போனார். 1952-இல் சட்டவியல் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தபோது அவர் பெயரில் ஒரு புத்தகம்கூட வெளியாகியிருக்கவில்லை, சில கட்டுரைகள்தான். இன்றைக்கு அப்படி ஒருவரை எந்தத் தேர்வுக் குழுவும் திரும்பிப் பார்க்காது. அடுத்த பதினாறு ஆண்டுகளில் அவர் எழுதியவை ஆங்கிலம் பேசும் நாடுகளின் சட்டச் சிந்தனையையே மாற்றின. 1961-இல் வந்த ‘சட்டத்தின் கருத்தாக்கம்’ என்ற நூல்தான் அதிகப் புகழ் பெற்றது. எனக்கு அதைவிட நெருக்கமானது 1968-இல் வந்த ‘தண்டனையும் பொறுப்பும்’ என்ற கட்டுரைத் தொகுதி.

அந்தத் தொகுதிக்கு எழுதிய முன்னுரையில் ஹார்ட் ஒரு காரியம் செய்தார். பொறுப்பு பற்றி 1949-இல் தான் எழுதிய, எல்லோரும் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டுரையைத் தொகுதியில் சேர்க்கவில்லை. அதன் மையக் கருத்து இனி நிற்காது, அதைக் குறை கூறியவர்கள் சொன்னது சரிதான் என்று எழுதிவிட்டு நகர்ந்தார். பேராசிரியர்கள் அதிகம் செய்யாத வேலை அது.

சரி, மனித விருப்பம் சுதந்திரமானதா என்ற பழைய கேள்விக்கு வருவோம். ஒருவன் பிறந்த வீடு, வளர்ந்த தெரு, மூளையின் அமைப்பு, பட்ட அடிகள் எல்லாம் சேர்ந்துதான் அவன் செய்கையைத் தீர்மானிக்கின்றன என்றால், அவனைத் தண்டிப்பதில் நியாயம் எங்கே இருக்கிறது? ‘எல்லாம் விதி’ என்று சொல்லிவிட்டு, வீட்டில் திருடியவனைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கும் நமக்கும் இந்தச் சிக்கல் புதிதல்ல. பெரும்பாலான தத்துவக்காரர்கள் முதலில் சுதந்திரம் உண்டா இல்லையா என்று முடிவு கட்டிவிட்டு, அதன்பின் தண்டனைக்கு வருவார்கள். முதல் கேள்வி முடிவதேயில்லை என்பதால் பலர் இரண்டாவதை எட்டுவதே இல்லை.

ஹார்ட் வேறு வாசல் வழியாக நுழைந்தார். 1957-இல் நியூயார்க்கில், விதிவசமும் சுதந்திரமும் பற்றிய தத்துவக் கருத்தரங்கு ஒன்று நடந்தது. அதில் அவர் படித்த கட்டுரையில் உயில் வருகிறது, ஒப்பந்தம் வருகிறது, திருமணம் வருகிறது. ஒரு முதியவர் கழுத்தில் கத்தியை வைத்து உயிலில் கையெழுத்து வாங்கினால் அந்த உயில் செல்லாது. புத்தி பேதலித்தவர் எழுதிக் கொடுத்த கிரயம் நிற்காது. ஆளையே மாற்றி ஏமாற்றி நடத்திய கல்யாணத்தை ரத்து செய்யலாம். ஏன்? இவையெல்லாம் ஒருவர் தன் விருப்பத்தைச் சட்டத்தின் மூலம் நிறைவேற்றிக்கொள்ள இருக்கும் ஏற்பாடுகள். விருப்பமே அங்கே இல்லையென்றால், அந்தக் காகிதத்துக்கு மதிப்புக் கொடுப்பதில் அர்த்தமில்லை. இதை ஒத்துக்கொள்ள நமக்கு விருப்பச் சுதந்திரம் பற்றிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை.

இப்போது கிரிமினல் சட்டத்துக்கு வாருங்கள் என்றார். தவறுதலாக நடந்தது, மிரட்டலுக்குப் பணிந்து செய்தது, சித்தம் கலங்கிச் செய்தது: உயிலைச் செல்லாததாக்கும் அதே காரணங்கள்தாம் இங்கே ஒருவனைத் தண்டனையிலிருந்து விடுவிக்கின்றன. இரண்டிலும் சட்டம் ஒரே பொருளைத்தான் காக்கிறது. என் வாழ்க்கை எந்தப் பக்கம் போகும் என்பது நான் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்து அமையட்டும் என்ற ஏற்பாடு அது. எதைச் செய்தால் சிறை என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். செய்வதும் விடுவதும் என் கையில். என்னை மீறி நடந்ததற்காக அரசாங்கம் என் கதவைத் தட்டாது.

உயில், சொத்து வழக்குகளில் எட்டு ஆண்டு ஊறிய ஆளுக்குத்தான் இந்த ஒப்புமை தோன்றும் என்பது என் எண்ணம். தூக்குமேடையையும் கொலைகாரனையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த தத்துவக்காரர்களுக்கு அது தோன்றவில்லை.

1959-இல் அவர் ஆற்றிய இன்னொரு உரையில் மற்றொரு சிக்கலைப் பிரித்துக் காட்டினார். தண்டனை பற்றி ஊரில் நடக்கும் சண்டைகளில் பாதி, இரண்டு பேர் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்வதால் வருகிறது. தண்டனை என்ற ஏற்பாடு எதற்கு? குற்றம் குறைய வேண்டும், மக்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பது ஹார்ட்டின் பதில். யாரைத் தண்டிக்கலாம்? குற்றம் செய்தவனை மட்டும். அதுவும், தவிர்க்கும் திறனும் நியாயமான வாய்ப்பும் அவனுக்கு இருந்திருந்தால் மட்டும். எவ்வளவு தண்டனை என்பது அதற்கும் அடுத்த கேள்வி. நகரமே கொந்தளிக்கிறது, அகப்பட்ட ஒரு நிரபராதியைத் தூக்கில் போட்டால் அமைதி திரும்பும் என்று வையுங்கள். முதல் கேள்வி ஒன்றே இருந்தால் போடலாம் என்றுகூட வாதிடலாம். இரண்டாவது கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. செய்த வினைக்கு அனுபவிக்கட்டும் என்ற பழைய நியாயத்துக்கு ஹார்ட் கொடுத்த இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். துன்பத்துக்கு ஈடாகத் துன்பம் கொடுப்பதே ஒரு நன்மை என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை.

அவருக்குக் கிடைத்த சரியான எதிரி ஒரு பெண்மணி. பார்பரா வூட்டன், சமூகவியல் அறிஞர். லண்டனில் சிறார் நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்தவர். 1958-இல் பிரபுக்கள் சபைக்கு முதன்முதலாக நியமிக்கப்பட்ட பெண்களில் ஒருவர். அவர் கேட்டது நேரடியான கேள்வி. சட்டத்தின் நோக்கம் தீங்கைத் தடுப்பது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா என்று விசாரணையில் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? அடுத்தவன் மனத்துக்குள் யார் போய்ப் பார்க்க முடியும்? தீங்கு நடந்ததா என்று மட்டும் பாருங்கள். நடந்திருந்தால், அந்த ஆளைச் சிறைக்கு அனுப்புவதா, மருத்துவமனைக்கு அனுப்புவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அப்புறம் முடிவு செய்யுங்கள். அந்தக் கட்டத்தில் அவன் மனநிலையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

கேட்டால் கருணையாகத்தான் இருக்கிறது. பழிவாங்கல் இல்லை, சிகிச்சை இருக்கிறது. ஹார்ட் இதை மட்டம் தட்டவில்லை, நீண்ட பதில் எழுதினார். அப்படி ஒரு நாட்டில் வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்கச் சொன்னார். திடீரென்று மயக்கம் வந்து வண்டி ஒருவர்மேல் ஏறினாலும் நான் குற்றவாளி. என்னை என்ன செய்வது என்பதை ஓர் அதிகாரி முடிவு செய்வார். எந்த நாளில், எந்த விபத்துக்காக அரசின் பிடிக்குள் போவேன் என்று எனக்கே தெரியாது. மனிதர்கள் ஒருவரோடொருவர் பழகும்போது வேண்டுமென்றே இடித்தவனையும் தடுக்கி மேலே விழுந்தவனையும் வேறுபடுத்தித்தான் பார்க்கிறார்கள். சட்டம் மட்டும் அதைப் பார்க்க மறுத்தால், அது மனிதர்களை ஆட்களாக நடத்தாமல் ஆபத்துகளாக நடத்தத் தொடங்கும் என்றார். மனநோய் பற்றிய கேள்வியை மட்டும் தீர்ப்புக்குப் பிந்தைய கட்டத்துக்குத் தள்ளலாமே என்ற அளவுக்கு அவர் வூட்டனை நோக்கி நகர்ந்ததும் உண்மை.

அதற்காக ஹார்ட்டை இளகிய மனக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கவனக்குறைவு பற்றிய கட்டுரையில் கூரை வேலை செய்யும் ஒருவன் வருகிறான். நெரிசலான தெரு. கீழே யாராவது போகிறார்களா என்று எட்டிக்கூடப் பார்க்காமல் மேலேயிருந்து சாமான்களை வீசுகிறான். ஒருவர் தலையில் விழுகிறது. ‘நான் நினைத்தே பார்க்கவில்லை’ என்கிறான். மனத்தில் எதுவுமே இல்லாதபோது எதற்குத் தண்டனை என்று கேட்ட சட்ட அறிஞர்கள் அன்று இருந்தார்கள். நினைத்துப் பார்க்கும் திறன் அவனுக்கு இருந்ததா, அதற்கு நேரமும் வாய்ப்பும் இருந்தனவா என்பதுதான் ஹார்ட்டின் கேள்வி. இருந்தது என்றால், நினைக்காமல் விட்டது அவன் குற்றமே.

அதே அளவுகோலை அவர் மனநோய்ச் சட்டத்தின்மேலும் வைத்தார். 1843-இல் மெக்நாட்டன் என்பவர் பிரதமர் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்றார். சித்தபிரமை என்று விடுவிக்கப்பட்டார். அதனால் எழுந்த கூச்சலில் இங்கிலாந்து நீதிபதிகள் விதி வகுத்தார்கள்: தான் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் இருந்தால்தான் விடுதலை. தெரிந்தும் தன்னைக் கட்டுப்படுத்த முடியாதவனைப் பற்றி அந்த விதி பேசவில்லை. அறிவை மட்டும் பார்த்து, கட்டுப்பாட்டை விட்டுவிட்டது பெரிய குறை என்றார் ஹார்ட். 1957-இல் இங்கிலாந்து கொலை வழக்குகளில் மட்டும், மனக்கோளாறுக்காகக் குற்றத்தைக் குறைத்துப் பார்க்கும் ‘குறைந்த பொறுப்பு’ என்ற வகையைச் சேர்த்துக்கொண்டது. மெக்நாட்டன் விதியின் அடியொற்றி வந்ததுதான் இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் புதிய பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது அது 22-ஆம் பிரிவாக எண் மாறியது. சோதனை அதே பழைய சோதனைதான்.

ஹார்ட்டின் கட்டடத்தில் விரிசல் இல்லாமல் இல்லை. திறனும் வாய்ப்பும் இருந்தனவா என்று கேள் என்கிறார். அவன் தன்னைக் கட்டுப்படுத்தவில்லையா, கட்டுப்படுத்த முடியவில்லையா? நீதிமன்றம் எதை வைத்து அளக்கும்? மூளையைப் படம்பிடிக்கும் கருவிகள் வந்த பிறகு இந்தக் கேள்வி கூர்மையாகியிருக்கிறதே தவிர, தீரவில்லை. வறுமையில் பிறந்து அடிபட்டு வளர்ந்த பையனுக்கு இருந்தது நியாயமான வாய்ப்புதானா என்று கேட்டால், அவர் நூலில் தெளிவான விடை கிடைக்காது. வேறு வழியே இல்லாமல் வளர்ந்தவனை விடுவிக்கும் ஒரு கொள்கை, வழிகள் குறுகிப்போனவனைப் பற்றி அதிகம் பேசாமல் விட்டது என்பது என் குறை.

ஹார்ட் வகுப்பறைக்குள் அடைந்து கிடந்தவர் அல்லர். வயது வந்த இரு ஆண்கள் தனிமையில் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமாகாது என்று 1957-இல் வுல்ஃபெண்டன் குழு பரிந்துரைத்தது. சமூகம் ஒழுக்கத்தைச் சட்டத்தால் காக்கலாம் என்று நீதிபதி டெவ்லின் மறுத்தபோது, ஹார்ட் பதில் சொன்னது இதேபோல் வானொலியில்தான். 1959-இல் பி.பி.சி.யில் பேசினார், அது ‘லிஸனர்’ இதழில் அச்சாகியது. 1967-இல் அந்த உறவைக் குற்றமாக்கிய சட்டம் மாறியது.

அதே 1967-இல்தான் ஸ்மித் தீர்ப்புக்கும் முடிவு வந்தது. ஒரு செயலின் இயல்பான விளைவு இது என்ற ஒரே காரணத்துக்காக, குற்றம் சாட்டப்பட்டவன் அதை எண்ணினான் என்று நீதிமன்றம் முடிவு கட்டியாக வேண்டியதில்லை. எல்லாச் சாட்சியங்களையும் பார்த்து, அவன் உண்மையில் எண்ணினானா என்று தீர்மானிக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. ஹார்ட் ஒருவரால் வந்த மாற்றம் என்று சொல்ல மாட்டேன், எதிர்த்தவர்கள் பலர்.

பின்னாளில் ஹார்ட் ஆக்ஸ்ஃபோர்டின் பிரேஸ்நோஸ் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1992 டிசம்பரில், எண்பத்தைந்தாம் வயதில் காலமானார்.

சட்டம் படிக்கும் பிள்ளைகள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். ‘தண்டனையும் பொறுப்பும்’ நூலின் முதல் கட்டுரையை மட்டுமாவது தேடிப் படியுங்கள். முப்பது பக்கத்துக்குள் முடிந்துவிடும். முதல் வாசிப்பில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இரண்டாவது முறை வழிக்கு வந்துவிடும்.