மூச்சும் சொல்லும்

(சென்னிமலையில் சடுகுடு இளைஞர்களிடையே ஆற்றிய உரை)

 

"சடுகுடுவைப் பற்றித் தமிழாசிரியர்க்கு என்ன பேச்சு?" என்று வரும் வழியில் நண்பர் ஒருவர் கேட்டார். ஞாயமான கேள்விதான். நான் களத்தில் இறங்கி ஆடி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. ஆயினும், இவ்வாட்டத்துக்கு உடல், மூச்சு, சொல் என்னும் மூன்றும் வேண்டும். முன்னிரண்டையும் உங்கள் பயிற்றுநர் பார்த்துக்கொள்வார். மூன்றாவதைப் பார்ப்பார் எவருமில்லை. அதனாலேயே வந்தேன்.

ஆட்டம் அறியாத தாய்மார் பலர் வந்திருப்பதால், முதற்கண் ஆட்டத்தை விளக்கிவிடுகிறேன். ஆடவர்க்குரிய களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. குறுக்கே நடுக்கோடு. அணிக்கு எழுவர் களத்தில் நிற்பர். ஐவர் மாற்றாளராக வெளியில் இருப்பர். ஓரணியினின்று ஒருவன் மட்டும் மூச்சை விடாமல் குரலெழுப்பிக்கொண்டே எதிரணிக் களத்துள் புகுவான். இவனைப் பாடுவோன் என்றும், அவன் செலவைப் பாட்டு என்றும் நம் முன்னோர் அழகாக அழைத்தனர். அவன் எத்தனை பேரைத் தொட்டு, மூச்சு முறியாமல் நடுக்கோட்டை மீண்டும் எட்டுகிறானோ, அத்தனை பேரும் களத்தை விட்டு வெளியேற வேண்டும். எட்டவிடாமல் அவனைப் பிடித்து நிறுத்திவிட்டால் அவன் வெளியேற வேண்டும்.

நடுக்கோட்டினின்று 3.75 மீட்டர் தள்ளி இன்னொரு கோடு உண்டு. எவரையும் தொடாமல் திரும்புகின்றவன் அக்கோட்டையேனும் கடந்திருக்க வேண்டும். இல்லையேல் அவனே வெளியேறுவான். அதற்கும் ஒரு மீட்டர் அப்பால் மற்றொரு கோடு. எதிரே அறுவரோ எழுவரோ நிற்கும்போது, ஒரு காலை அக்கோட்டுக்கு அப்பால் ஊன்றி மறு காலைத் தரையினின்று தூக்கிக் காட்டினால் ஒரு மிகைப்புள்ளி. மூவர் அல்லது அதற்கும் குறைந்தோர் நின்று ஒருவனைப் பிடித்துவிட்டால் அவர்க்கும் ஒரு புள்ளி கூடுதல். வெளியேறியோர் வெளியேறிய முறைப்படியே, எதிரணியில் ஒருவர் வெளியேறுந்தோறும் ஒருவராக உயிர்த்து உள்ளே வருவர். எழுவரும் வெளியேறிவிட்டால் எதிரணிக்கு மேலும் இரண்டு புள்ளி; எழுவரும் மீண்டும் களம் புகுவர். ஒரு பாட்டுக்கு 30 நொடி. இடைவேளைக்கு முன்னும் பின்னும் இருபது இருபது நிமையம்.

பெரும்பாலோர் பாடுவோனையே பார்ப்பர். தாய்மார்களே, நீங்கள் பிடிப்போரைப் பாருங்கள்! ஓரத்தில் நிற்பவன் கண்கள் பாடுவோனின் முகத்தில் இரா. அவன் கணுக்காலில் இருக்கும். இருவர் கைகோத்து நிற்பதும், ஒருவன் வேண்டுமென்றே ஓரடி முன்வந்து ஆசைகாட்டுவதும், பாடுவோன் திரும்பும் அந்த அரை நொடியில் அனைவரும் ஒருசேரப் பாய்வதும் ஓர் உடம்பின் உறுப்புகள் இயங்குவது போலிருக்கும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். 1970-களின் கடைசியில் நாங்கள் சிறுவராய் ஆடிய இடம், நெசவாளர் பாவு ஓட்டும் பாவடித் திடல். காலையில் பாவோட்டி முடித்து நூலைச் சுருட்டிச் சென்றபின் திடல் எங்களுடையது. குதிகாலால் கோடு கிழிப்போம். அன்று ஒருவன் பாடப் புறப்பட்டால் வெறும் ஒற்றைச் சொல்லைச் சொல்லமாட்டான், பாட்டே பாடுவான். ஓரடிப் பாட்டு, ஈரடிப் பாட்டு, எதிரணித் தலைவனின் பெயரை வைத்து அப்போதே கட்டிய ஏளனப்பாட்டு என எத்தனையோ! பாட்டின் கடைச்சொல்லை மட்டும் மூச்சு உள்ளவரை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டே ஆடுவான். அக்கடைச்சொல்லில் வல்லெழுத்து மிகுந்தால் மூச்சு விரைந்து செலவாகும் என்பதை யாப்பறியாச் சிறுவனும் அறிந்திருந்தான். நான் பின்னர்க் கல்லூரியில் மோனையும் எதுகையும் பயின்றபோது, "இவற்றை நாம் பாவடியிலேயே ஆடினோமே!" என்று வியந்ததுண்டு. மொழிஞாயிறு பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்று தனி நூலே எழுதினார். ஆட்டமும் மொழியாராய்ச்சிக்கு உரிய பொருளே என்று அவர் கருதியதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இன்று விதிநூல் என்ன சொல்கிறது? பாடுவோன் ஏற்கப்பெற்ற சொல்லாகிய 'கபடி' என்பதைத் தெளிவாக, உரக்க, இடைவிடாது சொல்ல வேண்டும் என்கிறது. வேறு சொல் சொன்னால் நடுவர் அவனைத் திருப்பியனுப்புவார். எதிரணிக்குப் புள்ளியும் கிடைக்கும், பாடும் முறையும் போகும். அன்று பாடல்கள் பல இருந்த வாயில் இன்று ஒரே சொல். அதுவும் தொலைக்காட்சியில் பார்த்தால் உதடசைவுதான் தெரிகிறது.

இது யார் குற்றம்? மராட்டியத்தில் இவ்வாட்டத்தை உதுது என்றனர். வங்கத்தில் அடுடு என்றனர். ஆந்திரத்தில் செடுகுடு என்றனர். மராட்டியரும் அவர்களை அடுத்திருந்தோரும் உட்கார்ந்து விதிகளை எழுதினர். 1923-இல் பரோடாவில் விதிகள் வெளியாயின. 1936-இல் மராட்டியத்து அமராவதி நகர் உடற்பயிற்சிக் கழகத்தார் பெர்லினில் உலகோர்க்கு ஆடிக்காட்டினர். 1950-இல் அனைத்திந்தியக் கூட்டமைப்பு எழுந்தது. 1990-இல் பெய்சிங்கு ஆசியப் போட்டியில் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. 2010 முதல் பெண்களும் அங்கு ஆடுகின்றனர். அவர்கள் எழுதினர், நாம் எழுதவில்லை. எழுதியவன் சொல் நிற்கும். இதற்காக மராட்டியர் மீது சினங்கொள்வது நம் சோம்பலுக்கு நாமே போர்த்தும் போர்வை.

ஆட்டத்தில் நம்மவர் எவர்க்கும் குறைந்தவரல்லர். 1994-இல் இரோசிமாவில் பொன் வென்ற அணியில் மணத்தி கணேசன் இருந்தார். 2025-இல் பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் பொன் வென்ற பெண்கள் அணியில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். ஆளைக் கொடுத்தோம், சொல்லைக் கொடுக்கவில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. 'கபடி' என்பதே 'கைபிடி' என்னும் தமிழின் திரிபு என்று நம் மேடைகளில் முழங்குவோர் பலர். அது மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும் ஒலி ஒத்துவருவது மட்டும் வேர்ச்சொல் ஆகிவிடாது. பாவாணர் வழியில் நிற்கின்றோம் என்போர் சான்றில்லாமல் அதனைப் பேசலாகாது. 'சடுகுடு'வோ, சடுதியில் பாய்வதையும் குடுகுடுவென ஓடுவதையும் காதில் கேட்கச் செய்யும் சொல் என்பது என் கருத்து. ஐயத்துக்குரியதைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டு, கையிலிருந்ததை நழுவவிட்டோம்.

நம் இயக்கத்தார் மொழியுரிமை பற்றிப் பேசும்போதெல்லாம் அயர்லாந்தை எடுத்துக்காட்டுவது வழக்கம். விளையாட்டிலும் அந்நாட்டை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அங்குப் பழமையான ஆட்டங்கள் இரண்டு. ஒன்று அர்லிங்கு. வளைந்தாலும் எளிதில் முறியாத மரத்தால் செய்த, நுனி அகன்ற மட்டையால் சிறு பந்தைத் தரையிலும் வானிலும் அடித்து ஆடுவது. நம் கிட்டிப்புள்ளின் சினத்தையும் வளைகோற்பந்தின் விரைவையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். மற்றொன்று கெயிலிக்குக் கால்பந்து. பெயர்தான் கால்பந்து, கையாலும் பிடிக்கலாம், நான்கடி எடுத்துச் செல்லலாம், பின் தரையில் தட்டியோ காலால் மேலே எற்றியோதான் தொடர வேண்டும். இரண்டிலும் அணிக்குப் பதினைவர். இலக்குக் கம்பங்களின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே பந்து வலையுள் புகுந்தால் மூன்று புள்ளி, மேலே சென்றால் ஒன்று. கால்பந்தில் மட்டும் 2025 முதல், தொலைவிலிருந்து மேலே அடித்தால் இரண்டு.

ஆங்கிலராட்சியில் இவை தேய்ந்துகொண்டிருந்தன. 1884 நவம்பர் முதல் நாள் தர்லசு என்னும் சிற்றூர் விடுதியொன்றில் ஒருசிலர் கூடி, இவ்வாட்டங்களைக் காக்கக் கழகம் கண்டனர். முன்னின்றவர் மைக்கேல் கியூசாக்கு. நம்மைப்போல் ஓர் ஆசிரியர். அவர்கள் முதலில் செய்த வேலை விதிகளை எழுதியது. ஊர்தோறும் கிளை அமைத்தனர். இன்றும் அங்கு ஆடுவோர்க்குச் சம்பளம் இல்லை. ஊரின் பெயருக்காக ஆடுகின்றனர். 1920 நவம்பர் 21-ஆம் நாள், தபுளின் நகரின் குரோக்குத் திடலில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஆங்கில அரசின் படையினர் கூட்டத்தை நோக்கிச் சுட்டனர். பதினால்வர் மாண்டனர். ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் ஓகன் அவருள் ஒருவர். திடலின் ஒரு பக்க அரங்கு இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. கொடிகாத்த குமரன் பிறந்த ஊரில் இதன் பொருளை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டுமே! அக்கழகத்தார், அயலார் ஆட்டங்களை ஆடினாலும் பார்த்தாலும் உறுப்பினரை நீக்கும் விதியொன்றை நெடுங்காலம் வைத்திருந்தனர். 1938-இல் நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் தக்ளசு ஐடு, கால்பந்துப் போட்டியொன்றைப் பார்க்கச் சென்றமைக்காகக் கழகப் புரவலர் நிலையினின்று நீக்கப்பட்டார். அவர் யார்? 1893-இல் ஐரிசு மொழியை மீட்க எழுந்த இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர்! மொழிக்கு உயிர்கொடுத்தவரையே வெளியேற்றிய அவ்விதி 1971-இல்தான் ஒழிந்தது. ஆகவே, மட்டைப்பந்து ஆடுகின்ற பிள்ளையை இரண்டகன் என்று ஏசவேண்டும் என்று என்னிடம் வாதிடும் தோழர்கள் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இனி இரண்டு எண்களைச் சொல்கிறேன். இளைஞர்கள் மனத்திற் குறித்துக்கொள்ளுங்கள். குரோக்குத் திடல் 82,300 பேரைக் கொள்ளும். இறுதிப்போட்டி நாளில் அது நிறைந்து வழியும். 2022 மக்கள்தொகைக் கணக்கின்படி, அயர்லாந்துக் குடியரசில் பள்ளிக்கு வெளியே நாள்தோறும் ஐரிசு மொழி பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேர். நாட்டில் நாளும் தாய்மொழி பேசுவோர் அனைவரையும் கூட்டி வந்து அமர்த்தினாலும் அத்திடல் நிரம்பாது! ஆட்டத்தைக் காத்தனர், மொழி அதனோடு சேர்ந்து தானே வந்துவிடவில்லை. ஆட்டம் வாழ்ந்தால் மொழி வாழும் என்று நானும் ஒருகாலத்தில் பேசித் திரிந்தேன். இவ்விரண்டு எண்களைப் பார்த்தபின் அவ்வாறு பேசுவதை விட்டேன்.

நாம் அந்நிலையை அடையவில்லை. தமிழ் நம் வாயில் இருக்கிறது. ஆனால் களத்துக்குள் போகும்போது கோட்டுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போகிறோம். பொங்கலுக்கு நடக்கும் போட்டியில் ஒலிபெருக்கியில் பேசுகின்ற நம் தம்பி, "ரெய்டுக்குப் போறாரு, டேக்கிள் பண்ணிட்டாங்க, போனசு, லோனா" என்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவர் எழுபது ஆண்டு தமிழன்றி வேறறியாத பாட்டனார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்த மேடையில் நிற்கும் தகுதி எனக்கில்லை. சடுகுடு தொடுகின்ற ஆட்டம். தொட்டால்தான் புள்ளி, கட்டிப் பிடித்தால்தான் வெற்றி. தீண்டாமைக்கு இதைவிடப் பகையான ஆட்டம் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன், இவ்வட்டாரத்தில் ஓர் ஊரில் நான் நடுவராக நின்றேன். இறுதியாட்டத்தில் ஓரணி, ஊருக்கு அப்பால் உள்ள குடியிருப்பிலிருந்து வந்த பிள்ளைகள். களம் இறங்கும் நேரத்தில் மற்றோர் அணியினர், கால் பிசகிற்று, இருட்டிவிட்டது என்று ஏதேதோ சொல்லி விலகிக்கொண்டனர். கரணியம் அங்கிருந்த அனைவர்க்கும் தெரியும். நான் விதிப்படி, வந்த அணி ஆடாமலே வென்றது என்று அறிவித்தேன். அவ்வணியின் தலைவன், பதினேழு அகவை இருக்கும், என்னிடம் வந்து சொன்னான்: "எங்களுக்குப் புள்ளி வேண்டாமுங்க ஐயா. ஒரு பாட்டுப் பாடி வந்தர்றோமுங்க, அது போதுமுங்க." நான் ஊதலை ஊதி ஆட்டத்தை முடித்துவைத்துவிட்டுப் பேருந்துக்குச் சென்றேன். திருக்குறளுக்கு உரை சொல்லும் வாய்க்கு அன்று ஒரு சொல் வரவில்லை. தெருவுக்கு ஓரணி, குலத்துக்கு ஓரணி என்று கட்டிக்கொண்டு தமிழர் விளையாட்டு என்று பெயர் சூட்டினால் அப்பெயர் ஒட்டாது.

ஆகையால், வருகின்ற பொங்கல் போட்டிக்கு மூன்றைக் கேட்கிறேன். அமைப்புக்குழுவினர் இங்கேயே இருக்கின்றனர். ஒன்று, எந்த அணியும் ஒரே தெருவாரை மட்டும் கொண்டதாக இருத்தலாகாது. பெயர் பதியும்போதே இதனைப் பாருங்கள். இரண்டு, ஒலிபெருக்கியில் பாட்டு, பாடுவோன், பிடி, மிகைப்புள்ளி, முழுவீழ்ச்சி என்று சொல்லுங்கள். 'முழுவீழ்ச்சி' நான் கட்டிய சொல். உங்களில் எவரேனும் இதனினும் நல்ல சொல் தந்தால் மகிழ்ந்து ஏற்பேன். மூன்று, போட்டியாட்டங்கள் அனைத்துலக விதிப்படியே நடக்கட்டும். நம் பிள்ளைகள் மாநில அணிக்கும் நாட்டணிக்கும் போக வேண்டும், அதனைக் கெடுக்கலாகாது. ஆனால் இறுதியாட்டத்துக்கு முன் கால்மணி நேரம், புள்ளிக்கணக்கு இல்லாமல், பழைய முறையில் பாட்டுப் பாடி ஆடுங்கள். மூச்சை நடுவர் காதால் அளக்கட்டும்; மணிப்பொறி வேண்டாம்.

அதற்குப் பாட்டு வேண்டுமே என்பீர்கள். எனக்கு நினைவிலிருப்பவை ஒன்பதுதான். அவற்றுள் இரண்டு தாய்மார் முன் சொல்லத் தக்கவையல்ல, ஆயினும் எழுதி வைத்திருக்கிறேன். அறுபது அகவை கடந்தோர் ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்றாவது இருக்கும். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நூலக வாயிலில் குறிப்பேட்டோடு அமர்ந்திருப்பேன். இளைஞர்களே, உங்கள் பாட்டன்மாரை அழைத்து வாருங்கள். நடக்க இயலாதவர் இருப்பின் தெருவைச் சொல்லுங்கள், நான் வருகிறேன்.