மேளமும் காற்பந்தும்



1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று, நம் நாடு மாஸ்கோ ஒலிம்பிக் காற்பந்துக்குத் தகுதி பெற்றது. வெற்றிக் கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். வலையைக் காத்தவர் ஆறுமுகம். இருவரும் சேர்ந்ததே வெற்றி.

ஆலய மேளமும் அத்தகையதே. நாதசுரமும் தவிலும் பாராட்டுப் பெறும். ஒரே சுரத்தில் நிற்கும் ஒத்தையும், காலக்கணக்கைக் காக்கும் தாளத்தையும் எவரும் கவனிப்பதில்லை; அவை பிசகினாலோ இசையே குலையும்.

இன்று பல மேளங்களில் ஒத்தின் இடத்தைச் சுருதிப்பெட்டி ஏற்றுவிட்டது. ஆனால் அன்னதானப் பாத்திரம் கழுவ எந்தப் பெட்டியும் வராது. நம் இளைஞர்களே வரவேண்டும். ஆகவே, உபயகாரருக்கு மாலை சூட்டும் மேடையில், சமையற்கட்டில் உழைத்த பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைப்போம். கோல் அடிப்பவரை மட்டும் போற்றினால், நாளை வலை காக்க ஆளிராது.