பழக்கினால் ஆள் நிற்குமா?

(தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



பயிற்சி வகுப்பு என்று பிரட்டில் சொன்னதும் வரும் கேள்விகள் எங்களுக்குத் தெரியும். முதலாவது, "அன்னைக்குப் பேர் போடுவாங்களா ஐயா?" இரண்டாவது, "முப்பது வருசமா கொழுந்து எடுக்கிறோம், இனி என்னா படிச்சுக் குடுக்கப் போறீங்க?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். நாட்சம்பளத்தில் அடுப்பெரியும் வீட்டில் ஒரு பேர் போவது சின்ன விஷயமல்ல.

இரண்டு இலையும் ஒரு மொட்டும் எடுக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கொழுந்தைச் சாக்கில் அமுக்கி அடைத்தால் நசுங்கிச் சூடேறி, ஸ்டோருக்குப் போகுமுன்பே சிவந்துவிடும். கவ்வாத்துக் கத்தி மழுங்கியிருந்தால் வெட்டுவாய் பிளந்து, அதன் வழியாகச் செடி அழுகும். மருந்து அடிக்கிற தம்பிமார் வேலை முடிந்ததும் குளிக்க வேண்டும். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்க்காமல் கழுவ வேண்டும். 'இப்படிச் செய்' என்பதோடு 'ஏன்' என்பதையும் சொல்வதுதான் பயிற்சி.

இனி எங்கள் மனதை அரிக்கும் விஷயத்துக்கு வருவோம். லயங்களில் இளசுகள் குறைந்துகொண்டே போகிறார்கள். கொழும்புக் கடைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போகிறார்கள். சம்பளம் முதற்காரணம், அதை மறைக்க முடியாது. ஆனால் 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் வந்த பிறகும் போவது நிற்கவில்லை. பிள்ளைகள் சொல்வது இதுதான்: "கடையில நாலு வருசம் நின்னா கேஷியரா வரலாம். மலையில முப்பது வருசம் நின்னாலும் கூடைதான்."

ஆகவே, பயிற்சி ஒரு படி மேலே ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் அது வெறும் பேச்சு. கொழுந்து எடுப்போரில் பெரும்பாலோர் பெண்கள். கங்காணிமாரோ பெரும்பாலும் ஆண்கள். நன்றாகப் பழகிய ஒரு அக்கா கங்காணியாக முன்னே நின்றால், அவருடைய மகளும் மலையை வேறு கண்ணால் பார்ப்பாள்.

நாட்டில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒன்றிலிருந்து ஏழு வரை மட்டங்கள் உண்டு. வகுப்புக்குப் போகாமல் வேலை செய்து பழகியவர்களையும் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வழி உண்டு. தோட்டத்தில் வாகனம் திருத்துகிற, மேசன் வேலை, மின்சார வேலை செய்கிற பிள்ளைகள் அதை விசாரித்துப் பார்க்க வேண்டும்.

நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது மூன்று. பயிற்சி நாளுக்குப் பேர் போட வேண்டும். நம் பேச்சில், முடிந்தால் நம் ஆள் ஒருவரே சொல்லித்தர வேண்டும். பழகியவருக்கு அடுத்த வேலை வெற்றிடத்தில் முதலிடம் தர வேண்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றே. வகுப்புக்கு வாருங்கள், வந்து வாய் திறந்து கேளுங்கள். "இதைப் பழகினா எங்களுக்கு என்னா கிடைக்கும்?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும் தோட்டத்தில்தான் ஆட்கள் நிற்பார்கள்.