கடலூர்க் கடலில் முப்பத்து மூன்று போர்க்கப்பல்கள்



நம் கடலூர் மாவட்டத்து மங்களூர் ஒன்றியத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நமக்கு மக்காச்சோளமும் பருத்தியும்தான் தெரியும். பக்கத்தில் விருத்தாசலம் போனால் பீங்கான் சூளை. கடலைப் பார்க்க வேண்டுமானால் கடலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கடற்போர் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள், கம்ப்யூட்டர் திரையில். 2009-ல் வந்த ‘எம்பயர்: டோட்டல் வார்’ என்ற விளையாட்டில் இந்திய வரைபடமே இருக்கிறது, மராட்டியர் உண்டு, மைசூர் உண்டு. பாய்மரப் போர்க்கப்பல்களைக் கட்டி, வரிசையாக நிறுத்தி, பீரங்கியால் அடித்துக்கொள்ளலாம். நூறு பீரங்கிக்கு மேல் சுமக்கும் ‘ஃபர்ஸ்ட் ரேட்’ கப்பலைக் கட்டிவிட்டால் ஜெயித்த மாதிரிதான் என்று விளையாடும் பையன்கள் சொல்வார்கள்.

அந்தப் பையன்களுக்கு ஒரு சேதி. அப்படிப்பட்ட சண்டை நம் மாவட்டத்துக் கடலிலேயே நிஜமாக நடந்திருக்கிறது. 1783-ஆம் ஆண்டு, ஜூன் 20. இடம் கடலூருக்கு எதிரே வங்காள விரிகுடா. ஆங்கிலேயர் பக்கம் 18 பெரிய கப்பல்கள், பிரெஞ்சுக்காரர் பக்கம் 15.

இவர்கள் இங்கே வந்து மோதியதற்குக் காரணம் அமெரிக்கா. அங்கே நடந்த விடுதலைப் போரில் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் சேர, பிரிட்டனும் பிரான்ஸும் உலகம் முழுக்க அடித்துக்கொண்டன. இந்தப் பக்கம் மைசூரை ஆண்ட ஹைதர் அலி ஆங்கிலேயரோடு போரில் இருந்தார். 1782-ல் பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் வந்து இறங்கியது. நமக்குத் தெற்கே ஓடும் வெள்ளாறு போய்க் கடலில் கலக்கும் அதே பரங்கிப்பேட்டைதான். ஏப்ரலில் கடலூர் அவர்கள் கைக்குப் போயிற்று. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனும் ஹைதரும் அந்த ஜூலையில் கடலூரில் நேரில் சந்தித்தார்கள். அந்த வருடக் கடைசியில் ஹைதர் இறந்துவிட்டார்.

சுஃப்ரேனுக்கு எதிரே நின்றவர் ஆங்கிலக் கடற்படைத் தளபதி எட்வர்ட் ஹியூஸ். சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை என்று இருவரும் நம் கரையோரமாகவும் இலங்கைக் கரையோரமாகவும் ஐந்து முறை மோதினார்கள். ஐந்தாவதும் கடைசியுமானது கடலூர்ப் போர்.

இந்தப் போரில் மோதிய எழுபத்து நான்கு பீரங்கிக் கப்பல் என்று சொன்னால் கண்ணுக்குள் வர வேண்டும். அதுதான் அந்தக் காலத்தின் வழக்கமான பெரிய போர்க்கப்பல். பீரங்கிகள் இரண்டு தட்டுகளில் வரிசையாக நிற்கும். கனமானவை கீழ்த் தட்டில். ஒவ்வொன்றும் பல டன் எடை. சுட்டவுடன் பின்னுக்குப் பாயும். கயிறு பிடித்து நிறுத்தி, குழாயைத் துடைத்து, மருந்தும் குண்டும் இடித்து, மறுபடி இழுத்து ஜன்னலில் பொருத்த வேண்டும். இதற்கே ஒரு கூட்டம் ஆள் தேவை. ஒரு கப்பலில் சுமார் 600 பேர் இருப்பார்கள், நிமிர்ந்து நிற்க முடியாத உயரத்தில், புகையில், ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு.

ஆள்தான் சுஃப்ரேனிடம் இல்லை. நோயும் முந்தைய சண்டைகளும் தின்றுவிட்டிருந்தன. என்ன செய்தார்? கரையில், கடலூரைச் சூழ்ந்திருந்த ஆங்கிலப் படையின் முற்றுகைக்குள் மாட்டியிருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியிடம் 1,200 பேரைக் கடன் வாங்கிக் கப்பலில் ஏற்றினார். அவர்களில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. தரையில் துப்பாக்கி பிடித்தவன் இரண்டு நாளில் கப்பல் பீரங்கி இழுக்க வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால் அந்தப் போரின் மிகத் துணிச்சலான முடிவு இதுதான்.

ஹியூஸுக்கு வேறு தொல்லை. கப்பல் கூடுதல், ஆளும் இருந்தது, ஆனால் ஸ்கர்வி. பல வாரம் காய்கறி, பழம் இல்லாமல் உப்பிட்ட இறைச்சியும் பிஸ்கட்டுமே தின்றால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், ஆறிப்போன பழைய காயம்கூட மறுபடி வாய் பிளக்கும். ஆயிரம் பேருக்கு மேல் அப்படிக் கிடந்தார்கள். குடிநீரும் தீர்ந்துகொண்டிருந்தது. எலுமிச்சை, ஆரஞ்சு சாப்பிட்டால் இது குணமாகும் என்று ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747-லேயே சோதித்துப் பார்த்திருந்தார். ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவிட்டதோ 1795-ல். நெல்லிக்காயும் எலுமிச்சையும் விளையும் கரைக்கு எதிரே அந்த மாலுமிகள் வைட்டமின் சி இல்லாமல் செத்தார்கள்.

மாலை நான்கு மணிக்கு மேல் சண்டை தொடங்கி இருட்டும்வரை நடந்தது. இரு பக்கமும் தலா சுமார் 100 பேர் இறந்தார்கள், தலா சுமார் 400 பேர் காயம்பட்டார்கள். ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை, ஒன்றுகூடப் பிடிபடவில்லை. ஆனாலும் ஹியூஸ் தண்ணீரும் நோயில்லாத ஆளும் போதாமல் சென்னைக்குக் கப்பலைத் திருப்பினார். கடலூரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலப் படைக்குக் கடல் வழியாக வந்துகொண்டிருந்த உதவி நின்றது. பெரும்படையை விரட்டியவன் சிறுபடைக்காரன்.

இரு பக்கத்துக்கும் இன்னொரு தொல்லை, அந்தக் காலத்தில் கடலூரிலோ சென்னையிலோ பெரிய கப்பல் நுழைய ஒரு துறைமுகம் கிடையாதே! திறந்த கடலில் நங்கூரம் போட்டு, மசூலாப் படகில் அலை தாண்டித்தான் சாமான் இறக்க வேண்டும். ஐப்பசி பிறந்தால் புயலுக்குப் பயந்து கப்பலெல்லாம் ஓடிவிடும். அடிப்பாகம் பழுது பார்க்க ஹியூஸ் பம்பாய் உலர்துறைக்குப் போக வேண்டியிருந்தது; சுஃப்ரேன் 1782 மழைக்காலத்தைச் சுமத்ராவின் ஆச்சேயில் கழித்தார். இந்தப் பக்கத்தில் நல்ல இயற்கைத் துறைமுகம் இலங்கையின் திருகோணமலை ஒன்றுதான். அதனால்தான் அதற்கு அவ்வளவு போட்டி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரு நாடுகளும் சமாதானத்துக்கான முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அதே 1783 ஜனவரி 20-ல். சேதி கடலூருக்கு வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில். கணினியில் சமாதானம் என்று பொத்தானை அழுத்தினால் அந்த நொடியே போர் நின்றுவிடும். இங்கே சமாதானம் ஆகி சரியாக ஐந்து மாதம் கழித்து 200 பேர் செத்தார்கள். பிறகு ஒப்பந்தப்படி கடலூர் ஆங்கிலேயரிடமே திரும்பப் போயிற்று.

ஆகவே விளையாடும் தம்பி, தங்கைகளே, அடுத்த முறை இந்திய வரைபடத்தைத் திறந்தால் பீரங்கி எத்தனை என்று எண்ணுவதற்கு முன்னால் துறைமுகம் எங்கே என்று பாருங்கள். பள்ளி விடுமுறையில் கடலூர் போனால் வெள்ளிக் கடற்கரையோடு திரும்பிவிடாமல், தேவனாம்பட்டினத்தில் மிச்சமிருக்கும் செயின்ட் டேவிட் கோட்டையையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.