வீட்டுக்கல்வியும் பள்ளிக்கல்வியும்



பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்தால் என்ன என்று வினவும் பெற்றோர் இந்நாளில் சிலர் உளர். பள்ளியிலேயே தலைநரைத்தவன் நான்; ஆயினும் இவ்வினாவை எள்ளி ஒதுக்க மாட்டேன். என் ஊராகிய புள்ளலூரில், 1780-ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் பெரும்போர் நிகழ்ந்தது. அக்களத்தை எனக்கு முதலில் காட்டியவர்கள் வீட்டுப் பெரியவர்களே. கவிஞர் தாகூரும் பெரும்பாலும் வீட்டிலேயே பயின்றவர்தாம். ஆனால், அவரே 1901-ஆம் ஆண்டில் சாந்திநிகேதனத்தில் சிறுவர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார் என்பதையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நம் மாநிலத்திலேயே இக்கேள்வி ஒருமுறை பெரிதாக எழுந்தது. 1953-ஆம் ஆண்டில் முதலமைச்சர் இராஜாஜி ஒரு திட்டம் கொணர்ந்தார். ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம். எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். இருக்கின்ற கட்டடத்திலும் இருக்கின்ற ஆசிரியரைக் கொண்டும் இருமடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அதன் ஆதரவாளர் கருத்து. கூலியாளின் மகன் கூலியாளாகவே நிற்பதற்கு இது வழியாகாதா என்று எதிர்த்தோர் கேட்டனர். குலக்கல்வி என்றே அதற்குப் பெயரிட்டனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1956-இல் அவர் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்.

பின்னர் 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. தொடக்க வகுப்புகள் மீண்டும் நடந்தது 2021 நவம்பரில்தான். அதுவரை எல்லாப் பிள்ளைகளும் வீட்டிலேயே கற்க வேண்டியவராயினர். அந்நாட்களில் சில பிள்ளைகளை மாலைவேளையில் என் திண்ணையில் அமர்த்திப் படிப்பித்தேன். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு எழுத்துக் கூட்டவும் வரவில்லை. சோம்பல் என்றெண்ணிக் கடிந்துகொண்டேன். “போன் அப்பாவோட வேலைக்குப் போயிடும், சார்” என்றாள் அவள். இரவு அவர் திரும்பும்போது அவள் உறங்கியிருப்பாள். தாயும் களையெடுக்கச் செல்பவர். பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கோ, பட்டம் பெற்ற தாய் அருகிருந்து கற்பித்தார். அவன் ஒரு பாடமும் பிந்தவில்லை. இருவரும் ஒரே தெருவினர், ஒரே வகுப்பினர். அன்று நான் வெட்கினேன்.

2021 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில், தன்னார்வலர்கள் மாலைதோறும் இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். பள்ளி இல்லாத குறையை வீடு மட்டும் நிரப்ப இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே, செல்வங்களே, வீட்டுக்கல்வி தாழ்ந்ததன்று; ஆனால் அது வீட்டுக்கு வீடு வேறுபடும். கற்றறிந்த பெற்றோரும் ஓய்வும் பொருளும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டணமில்லாக் கல்வி உரிமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவது இதன்பொருட்டே. உங்களுள் நல்ல வீடு வாய்த்தவர்கள், இன்று மாலை அண்டைவீட்டுப் பிள்ளை ஒருவரை அழைத்து, உடன் அமர்த்திப் படியுங்கள்.