சனிக்கிழமை சாயங்காலமும் சர்வாயுதவர்க்கமும்



ஆவடிப் பக்கம் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பவுல் எபேசு சபைக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரம் வரும் வாரத்தில், 'சர்வாயுதவர்க்கம்' என்ற நீளமான சொல்லுக்கு, ஒரு போர்வீரனின் முழுக் கவசமும் ஆயுதங்களும் என்று பொருள் சொல்ல அதிகம் பாடுபட வேண்டாம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் நாலைந்து பேருக்காவது அப்பாவோ தாத்தாவோ டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தவராக இருப்பார். ஒன்றிரண்டு வீடுகளில் ராணுவ வீரர்களுக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். கவசம் எதற்கு என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

பல வருடங்களுக்கு முன்பு அப்படியொரு வகுப்பில் தலைக்கவசம், மார்க்கவசம், கேடயம், பட்டயம் என்று கரும்பலகையில் ஒரு போர்வீரனை வரைந்துகொண்டிருந்தேன். முன்வரிசைப் பையன் ஒருவன் கை தூக்கினான். "அங்கிள், இவர் ஏன் தனியா நிக்கிறார்? விஜயந்தா டேங்க்குக்குள்ளயே நாலு பேர் இருப்பாங்களே" என்றான். ஒருவர் ஓட்டுவார், ஒருவர் சுடுவார், ஒருவர் குண்டு எடுத்துக் கொடுப்பார், ஒருவர் மேலேயிருந்து வழி பார்ப்பார் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினான். அவன் தாத்தா அந்த டேங்க்கைச் செய்த தலைமுறை. அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. இன்றைய உரையும் அதைப் பற்றித்தான்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் தொடங்கப்பட்டது. முதல் விஜயந்தா டேங்க் 1965 டிசம்பரில் அங்கிருந்து வெளிவந்தது. ஆவடி என்ற பெயரே கவச வாகனக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் என்று எங்கள் ஊரில் பலர் சொல்வார்கள். அது சரியில்லை. சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றிய மாநாடு 1955 ஜனவரியில் ஆவடியில் நடந்தது. ஃபேக்டரி வருவதற்கு ஆறு வருடம் முன்பே ஊருக்கு அதுதான் பெயர். கிழக்கே அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டை வந்தது. தெற்கே பூந்தமல்லி, வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளம் தங்கிய பழைய ஊர். இந்த மூன்று ஊர்களுக்கும் நடுவே எங்கெங்கிருந்தோ வேலை தேடி வந்தவர்கள் மனை வாங்கினார்கள், வாடகைக்கு இருந்தார்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் இருந்த தெருவில் ஒரு சபையும் கூடியது. மணிக்கூண்டு வைத்த ஆலயமும் உண்டு, மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்ட சபையும் உண்டு.

அந்தக் கொட்டகைகளில் அடிக்கடி காதில் விழும் சொற்கள் இரண்டு: உலகம், பிசாசு. உலகத்துக்கு ஒத்துப்போகாதே, பிசாசுக்கு எதிர்த்து நில் என்பார்கள். வெளியிலிருந்து கேட்கிறவர்களுக்கு இது ஏதோ பேய் ஓட்டுகிற சமாச்சாரமாகத் தோன்றலாம். விசுவாசிகளிலும் சிலர் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். பவுல் சொன்னது வேறு என்பது என் உறுதியான எண்ணம்.

சர்வாயுதவர்க்கத்தைப் பற்றிய பகுதியை மட்டும் தனியே எடுத்துப் பிரசங்கிப்பது வழக்கம். அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கணவன் மனைவியிடம் எப்படி நடக்க வேண்டும், பெற்றோர் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் எப்படி வளர்க்க வேண்டும், வேலை செய்கிறவனும் வேலை வாங்குகிறவனும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி முடித்த கையோடுதான் அவர் கவசத்துக்கு வருகிறார். முந்திய அதிகாரத்தில் குடிவெறி வேண்டாம் என்று எச்சரிக்கிறார். அப்படியானால் அவர் மனத்திலிருந்த போர்க்களம் எது? அடுப்படி, பட்டறை, சம்பளக் கவர், பிள்ளைகள் தூங்கும் அறை. சங்கிலியில் கட்டுண்டு இருப்பதாக அதே அதிகாரத்தில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் மனிதர், அந்தக் களத்தில் நிற்கச் சொல்கிறார். நிற்பது என்ற சொல் அந்தச் சில வசனங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பாய்ந்து போய் யாரையும் தாக்கச் சொல்லவில்லை. அவர் அடுக்கும் ஆயுதங்களில் பட்டயம் ஒன்றுதான் வெட்டுவதற்கு. மற்றதெல்லாம் காத்துக்கொள்வதற்கு.

கேடயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். விசுவாசத்தை அவர் கேடயம் என்கிறார். கிரேக்க மொழியில் அவர் எழுதிய சொல், கதவு என்ற சொல்லிலிருந்து வந்தது. ரோமப் படைவீரனின் கேடயம் நாலடி உயரம், இரண்டரை அடி அகலம் என்று பொலிபியஸ் என்ற பழைய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். நிஜமாகவே ஒரு சின்னக் கதவுதான். அம்பு மழை பொழியும்போது வீரர்கள் அந்தக் கதவுகளைப் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிப் பிடிப்பார்கள், உள்ளே இருப்பவர்கள் தலைக்கு மேலே கூரையாகப் பிடிப்பார்கள். அந்த அணிவகுப்புக்கு ஆமை என்றே பெயர். ஒற்றை ஆள் ஆமையாக முடியாது. அந்தப் பையன் கேட்டதும் அதைத்தானே?

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பெரிய கம்பெனிகளின் நிழலில் எத்தனையோ சின்ன லேத் பட்டறைகள் ஓடுகின்றன. வாரக் கூலிக்காரர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் பணம் கைக்கு வரும். அங்கிருந்து பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கோ எஸ்டேட் பஸ் ஸ்டாண்டுக்கோ நடக்கும் அந்தக் கொஞ்ச தூரம்தான் பல குடும்பங்களின் தலையெழுத்து. பையில் பணம் இருக்கிறது, உடம்பில் ஆறு நாள் அலுப்பு இருக்கிறது. கூட வேலை பார்க்கிறவன் தோளில் கை போட்டு, "வா மச்சான், ஒரு கட்டிங் மட்டும்" என்கிறான். அவன் கெட்டவன் இல்லை. போன மாதம் இவன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றபோது கடன் கொடுத்தவனே அவன்தான். சோதனை இப்படித்தான் வருகிறது, அன்பான குரலில்.

அரசாங்கம் காப்பாற்றும் என்று நம்பி உட்கார முடியாது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948க்குள் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி போனது. 2003இலிருந்து சில்லறை விற்பனையையே அரசு நிறுவனமான டாஸ்மாக் நடத்துகிறது. கடைகளை மூடச் சொல்லிப் பெண்கள் தெருவில் உட்கார்ந்த போராட்டங்களை நான் மதிக்கிறேன், அவை தொடர வேண்டும். ஆனாலும் கடை திறந்திருக்கும் சாயங்காலத்தில் ஒருவன் அதைத் தாண்டி வீடு போய்ச் சேர வேண்டுமே.

எங்கள் சபையில் ஓர் அண்ணன் இருந்தார். இருபது வருடக் குடி. ஒரு முழு இரவு ஜெபத்தில் எழுந்து, இனித் தொடமாட்டேன் என்று அழுதபடி சொன்னார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம். மூன்றாம் நாள் அவருக்குக் கை கால் நடுங்கியது, வியர்வை கொட்டியது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அலறினார். பிசாசு விட்டுப் போக மறுக்கிறது என்று சிலர் சுற்றி நின்று சத்தமாக ஜெபித்தார்கள். நர்ஸாக இருக்கும் ஓர் அக்கா உள்ளே வந்து, "ஜெபம் பண்ணுங்க, ஆட்டோவுல உக்காந்து பண்ணுங்க" என்று சொல்லி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அன்றைக்கு அவர் உயிரைக் காப்பாற்றியது அந்த ஆட்டோதான்.

நேயர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். நெடுநாள் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். குடிக்குப் பழகிவிட்ட மூளை அது கிடைக்காமல் கொந்தளிப்பதுதான் காரணம். மருந்து இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை இருக்கிறது. அடையாற்றில், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை இருக்கிறது. டாக்டரிடம் போவது அவிசுவாசம் ஆகாது. எல்லாவற்றையும் பிசாசின் தலையில் போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: குடித்தவனுக்குத் தன் பொறுப்பு தெரியாமல் போகும், சுற்றி நிற்பவர்களுக்குத் தங்கள் பொறுப்பும் தெரியாமல் போகும்.

அந்த அண்ணன் திரும்பி வந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். சபையில் மூன்று பேர் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சனிக்கிழமைதோறும் ஆறு மணிக்கு யாராவது ஒருவர் அவர் பட்டறை வாசலில் நிற்பார். பேசிக்கொண்டே ஸ்டேஷன் வரை நடப்பார்கள், ஆவடியில் இறங்குவார்கள், பணத்தை அவர் மனைவி கையில் கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் பிரிவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இது நடந்தது. நடுவில் இரண்டு தடவை அவர் தவறினார். பின்மாற்றம் என்று முத்திரை குத்தி யாரும் அவரைத் தள்ளி வைக்கவில்லை, அடுத்த சனிக்கிழமையும் வாசலில் ஆள் நின்றது. கேடயத்தை ஒட்டிப் பிடிப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நின்றதில்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற இயக்கம் பிறந்தது. ஆக்ஸ்ஃபோர்ட் குழு என்ற கிறிஸ்தவ எழுப்புதல் வட்டத்தில் பழகியவர்கள் இருவரும். பிறகு அது எந்த மதத்தையும் சேராத இயக்கமாக வளர்ந்து, எல்லா மதத்தவருக்கும் கதவைத் திறந்தது. என்னால் தனியே முடியவில்லை என்று ஒப்புக்கொள்வதுதான் அங்கே முதல் படி.

குடியைப் போலத்தான் சூதும். அதற்கு இப்போது கடைக்குப் போகவும் வேண்டாம், பாக்கெட்டில் உள்ள செல்போனிலேயே இருக்கிறது. ஆன்லைன் ரம்மிக்கு எதிராகத் தமிழ்நாடு 2022இல் சட்டம் கொண்டுவந்தது, மத்திய அரசு 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளையே தடை செய்தது. சட்டம் நல்லதுதான். ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிவதை வீட்டில் உள்ளவர்தான் பார்க்க முடியும்.

நெல்லைச் சீமையில் பிறந்து, கம்பனில் ஊறி, பிறகு கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையை இங்கே நினைக்கிறேன். பெட்ஃபோர்ட் சிறையில் கிடந்த ஜான் பனியனின் கதையைத் தழுவி அவர் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியம் பாடினார். 1894இல் அது நூலாக வந்தது. பனியன் கதையில் பயணிகள் ஒரு சந்தைக்குள் நுழைகிறார்கள். பதவி, பட்டம், இன்பம், உயிர் எல்லாமே அங்கே விலைக்குக் கிடைக்கும். அவர்கள் செய்த குற்றம் ஒன்றுதான்: எதையும் வாங்கவில்லை. அதற்காகவே பிடித்து அடைக்கப்பட்டார்கள், ஒருவர் உயிரையே கொடுத்தார். அந்தச் சந்தைக்குள்ளும் அவர்கள் இரண்டு பேராகத்தான் போனார்கள்.

உலகம் வெளியே மட்டும் இருப்பதாக நினைக்கும் சபைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விட வேண்டும் என்று தென்னிந்தியாவுக்குக் கடிதம் எழுதினார். தனித்தனி இருக்கை, திருவிருந்தில் முந்தி பிந்தி எல்லாம் நிற்க வேண்டும் என்றார். தஞ்சாவூரிலும் நம் வேப்பேரியிலும் பலர் ஏற்க மறுத்தார்கள். பாட்டுகளால் இன்றும் நாம் போற்றும் வேதநாயகம் சாஸ்திரியாரும் மறுத்த பக்கத்தில்தான் நின்றார். அவர் பாட்டு எனக்குப் பிடிக்கும், அந்த நிலைப்பாட்டை என்னால் ஏற்க முடியாது. இரண்டு நூற்றாண்டை நெருங்குகிறோம். இன்றும் வரன் தேடும்போது முதல் கேள்வி விசுவாசியா என்பது, இரண்டாவது கேள்வி எந்த ஆட்கள் என்பது, மூன்றாவது எத்தனை சவரன் என்பது. சீதனம் வாங்குவதை 1961இலேயே சட்டம் தடுத்துவிட்டது. சினிமா பார்க்காதே, நகை போடாதே என்று இளம்பிள்ளைகளைக் கண்டிக்கும் நாம், அந்த இரண்டாவது மூன்றாவது கேள்விகளை உலகம் என்று அழைப்பதில்லை. அழைக்க வேண்டும், பீடத்திலிருந்தே.

இன்னொன்று. திருவேற்காட்டில் கருமாரியம்மன், திருமுல்லைவாயிலில் மாசிலாமணீசுவரர், பூந்தமல்லியோ வைணவப் பெரியவர் திருக்கச்சி நம்பி பிறந்த மண். நாம் இவர்களைக் கும்பிடுகிறவர்களோடு சேர்ந்து வாழ்கிறவர்கள். நம் போராட்டம் மனிதர்களோடு இல்லை என்று பவுல் சொன்ன பிறகு, அடுத்த வீட்டுக்காரர் கும்பிடும் தெய்வத்தைப் பழித்து மைக்கில் பேசுவது எந்தக் கவசத்திலும் சேராது. அந்த அண்ணனின் பட்டறை முதலாளி ஓர் இந்து. சனிக்கிழமை ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே, "உங்க சர்ச் ஆளு வந்துட்டாரு, கிளம்புங்க" என்று அவர்தான் அனுப்பி வைப்பார்.

லெந்து நாட்கள் வரும்போது நாற்பது நாள் இறைச்சி விடுகிறோம், பூ வைக்காமல் இருக்கிறோம். நல்ல பழக்கம். இந்த வருடம் அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சபையிலோ தெருவிலோ அப்படி ஓர் அண்ணன் இருப்பார். நீங்கள் எந்த மதமானாலும் சரி, வரும் சனிக்கிழமை ஆறு மணிக்கு அவர் வேலை பார்க்கும் இடத்து வாசலில் போய் நில்லுங்கள். வீடு வரைக்கும் கூடவே நடந்து போங்கள்.