திருகோணமலை வெயிலில் எத்தனை திரவங்கள்?
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இனிய பண்ணிசைக்குப் பின் இரசாயனம் கேட்க நேர்ந்தமைக்கு என்னை நோகாதீர்கள். நிகழ்ச்சி நிரலை வகுத்த செயலாளரை நோகுங்கள்.

நான் மிஷன் பாடசாலையில் கற்ற நாளில், "சாதாரண வெப்பநிலையில் திரவமாயுள்ள மூலகங்கள் எவை?" என்றொரு வினா வந்தது. இரசம், புரோமின் என்று எழுதி, சீசியம், கல்லியம் என்பவற்றையும் சேர்த்தேன். பின்னிரண்டின் மீதும் சிவப்புக் கோடு விழுந்தது. சீசியம் 28.5 பாகையிலும், கல்லியம் 29.8 பாகையிலும் உருகுவன. ஓர்ஸ் ஹில்லில் ஆனி மாத நண்பகல் வெப்பம் 33 பாகையைத் தாண்டுவது வழக்கம். 25 பாகை என்று வினாவில் குறித்திருந்தால் கோடு சரியே. குறித்திருக்கவில்லை! அந்த ஒரு புள்ளிக்காக நான் இன்னும் வழக்காடுகிறேன் என்று வீட்டில் நகைப்பார்கள்.

ஆனால் அக்கோடுதான் என்னை ஆவர்த்தன அட்டவணையை ஊன்றிப் பார்க்க வைத்தது. 17ஆம் கூட்டத்தைப் பாருங்கள். மேலே புளோரீன், குளோரீன் இரண்டும் வாயுக்கள். கிணற்றுக்கு இடும் தூளில் மணப்பது குளோரீனே. அடுத்த புரோமின் செங்கபில நிறத் திரவம். அதற்கும் கீழே, காயத்துக்குத் தடவும் அயடீன், 114 பாகையில் உருகும் திண்மம். ஒரே குடும்பத்தில் மூன்று நிலைகளும் உண்டு! மூலக்கூறு பெரிதாக ஆக, இலத்திரன்கள் பெருகி, மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் கவர்ச்சியும் மிகுகிறது. அதனாற்றான் கீழே போகப் போக இறுகுகின்றன.

முதலாம் கூட்டத்திலோ கதை தலைகீழ். இலிதியம் 180 பாகை, சோடியம் 98, பொற்றாசியம் 63, உரூபிடியம் 39, கடைசியிற் சீசியம். அணு பருக்கப் பருக்க உலோகப் பிணைப்புத் தளர்கிறது. கல்லியம் எந்த ஒழுங்குக்கும் அடங்காத பிள்ளை. அதன் திண்மத்தில் அணுக்கள் இவ்விரண்டாகச் சோடி சேர்ந்து நிற்பதால் எளிதில் உருகுகிறது. 1875இல் அது கண்டுபிடிக்கப்படுமுன்பே, 1871இல், மெண்டலீவ் அதற்கு அட்டவணையில் இடம் ஒதுக்கி, குறைந்த வெப்பத்தில் உருகும் என்றும் சொல்லிவிட்டார்.

அதே 1871ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆந் திகதி பூரண சூரிய கிரகணம். அதை நிறமாலைகாட்டி கொண்டு ஆராய இங்கிலாந்திலிருந்து நம் திருகோணமலைக்கு வந்தவர்களில் ஒருவர் ஹென்றி நொட்டிஜ் மோஸ்லி. அவருடைய மகன் ஹென்றி மோஸ்லிதான் 1913இல் எக்ஸ் கதிர்களால் மூலகங்களை ஆராய்ந்து, வரிசையைத் தீர்மானிப்பது அணுநிறையன்று, அணுவெண்ணே என நிலைநாட்டியவர். அயடீனைவிடத் தெலூரியம் பாரமானது. ஆயினும் தெலூரியம் 52, அயடீன் 53. நிறையை மட்டும் நம்பியிருந்தால் அயடீன் தன் குடும்பத்தை விட்டு அயல் வீட்டில் நின்றிருக்கும். அந்த மகன் 1915இல், இருபத்தேழே வயதில், கலிப்பொலிப் போர்க்களத்தில் மடிந்தார். ஏறக்குறைய என் வயது. தந்தை நின்று கிரகணம் பார்த்த ஊரில் அவர் பெயரை எத்தனை பேர் அறிவோம்?

அயடீன் பளிங்குகள் சில கொண்டுவந்துள்ளேன். கூட்டம் முடிந்ததும் வெளி விறாந்தையில் சூடாக்கி ஊதா ஆவியைக் காட்டுகிறேன். சிறுவர்கள் மாத்திரம் முகத்தைக் கிட்டக் கொண்டுவரலாகாது.